சுடாத மூன்று துப்பாக்கிகள்

ஹார்கிஸ் மாவட்டத்தில் ஆஸ்பத்திரியை மூடியபோது யாரும் கூட்டம் போடவில்லை. ஆரம்பப் பள்ளியை மூடியபோது பிரிவுபசார விழா நடத்தி, எல்லோரும் ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். கென்டக்கி மலைக்காரர்களுக்கு மூடப்படுவது பழகிப்போன விஷயம். ஆனால் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கீழே நகரத்துக்குப் போய்வந்த மாவட்ட வேனும் இனி வராது என்று கேள்விப்பட்டபோது வெர்லின் டாக்கெட்டால் அதைப் பழக்கமென்று விட முடியவில்லை.

அவர் மனைவி நெட்ராவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு வெகுநாளாயிற்று. வாரத்துக்கு மூன்று தடவை நகரத்துக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர் தரிக்கும். அவளுக்குக் கால் மரத்துப்போனதால் வண்டி ஓட்ட முடியாது. வெர்லின் முப்பது வருஷம் நிலக்கரி லாரி ஓட்டியவர்தான். இப்போது அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேர் எதிரே நிற்பது தெரியாது. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துப் பேச வேண்டும். அரசாங்கம் அவருடைய லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதில் அவருக்கு வருத்தமில்லை. நியாயம்தானே என்று நினைத்தார். பிள்ளைகுட்டி கிடையாது. டாக்ஸிக்காரர்கள் அந்த மலைச்சாலைக்கு வரமாட்டார்கள்.

மாநிலத்தின் இலவசத் தொலைபேசிக்குப் பேசினார். அந்தப் பக்கம் ஒரு பெண், உங்கள் வட்டாரத்தில் நோயாளிகளை ஏற்றிச்செல்லும் பொறுப்பு லாரல் ஃபோர்க் ரைபிள் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வேன் நிற்கவில்லை. கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வெர்லினுக்குப் போன மூச்சு வந்தது.

சங்கத்தின் தலைவர் ராய்ஸ் ஹென்ஸ்லி. அவரை எல்லோரும் கர்னல் என்பார்கள். ராணுவத்தில் இருந்தவர் அல்ல. பழைய டிரெய்லர் வீடுகளை வாங்கி விற்பவர். மூடிய பள்ளிக்கூடத்தைத்தான் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்தது. முதல் வகுப்பு அறையில், குழந்தைகளின் குட்டை நாற்காலியில் முழங்காலை நெஞ்சுவரை மடக்கி உட்கார்ந்திருந்தார் கர்னல். சுவரில் ஆப்பிள் படமும் பந்துப் படமும் போட்ட அரிச்சுவடி இன்னும் தொங்கியது.

“வேன் எல்லாருக்கும்தான் வெர்லின், அதுல சந்தேகமே வேண்டாம்” என்றார். “நாங்க யாரையும் ஒதுக்குற ஆளுங்க இல்ல. உறுப்பினரா இருந்தாப் போதும். இன்சூரன்ஸ்காரன் போட்ட விதி அது. உறுப்பினரும் அவர் குடும்பமும் வண்டியில ஏறினாத்தான் அவன் பொறுப்பு எடுத்துக்குவான்.”

“உறுப்பினராக என்ன செய்யணும் கர்னல்?”

“துப்பாக்கி கட்டணும்.”

தன் காதில்தான் கோளாறோ என்று வெர்லினுக்கு ஒரு கணம் தோன்றியது. “கட்டணுமா? எங்க அப்பாவோடது ஒண்ணு இருந்துச்சு. நெட்ராவோட ஆஸ்பத்திரிச் செலவுல போயிடுச்சு. கடையில ஒண்ணு வாங்கிட்டா ஆகாதா?”

கர்னல் இரக்கத்தோடு சிரித்தார். “வாங்கினவன் விருந்தாளி, பிரதர். கட்டினவன்தான் வீட்டுக்காரன். இது எங்க சாசனத்துல முதல் வரி. சொந்தச் சமையல் மேசையில, சொந்தக் கையால, பாகம் பாகமா மாட்டிக் கட்டணும். பயப்படாத, முழுசாக் கட்டற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கீழ்க்கூடு ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொண்டா. கீழ்க்கூட்டுக் குழு அதைப் பாத்து அங்கீகரிச்ச நிமிஷமே நீ தற்காலிக உறுப்பினர். உன் பொண்டாட்டி வேன்ல ஏறலாம்.”

“அதுவரைக்கும்?”

“விருந்தினர் சீட்டு தர்றோம். அடுத்த குழுக் கூட்டம் வரைக்கும் செல்லும். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல?”

வீட்டுக்கு வந்து சொன்னபோது நெட்ரா போர்வைக்குள்ளிருந்து அவரையே பார்த்தாள்.

“உனக்கு உப்பு எது சர்க்கரை எதுன்னே தெரியல. போன வாரம் காப்பியில உப்பைப் போட்டுக் குடுத்த. நீ துப்பாக்கி கட்டப்போறியா?”

“கட்ட வேண்டாமாம். கீழ்க்கூடு மட்டும் போதுமாம்.”

“அப்படின்னா?”

“தெரியல. பர்ல் கடையில கேக்கணும்.”

“எதுக்கும் ரெண்டா வாங்கு” என்றாள். “காலுக்கு ஒண்ணு மாட்டிக்கிறேன்.”

பர்ல் ஸ்லோனின் கடையில் ரொட்டி உண்டு, தூண்டிலுக்கு உயிர்மீன் உண்டு, கல்லறையில் வைக்கும் பிளாஸ்டிக் பூ உண்டு. பின்சுவர் முழுக்கத் துப்பாக்கிச் சாமான். அதில் ஒரு வரிசையைக் காட்டினார் பர்ல். பிறகு வெர்லினுக்குத் தெரியாது என்று நினைவு வந்து, ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். கறுப்பு அலுமினியம். நடுவில் பெரிய பொந்து. அங்கங்கே சின்னச் சின்ன ஓட்டைகள். ஒரு பீன்ஸ் டப்பா அளவுக்குக்கூடக் கனமில்லை.

“குழல் வேணுமா, தபால்ல வரும்” என்றார் பர்ல். “விசை, பின்கட்டை, மேல்கூடு, ஸ்பிரிங்கு எல்லாமே தபால்ல வரும். நீ வீட்டுல இல்லேன்னா உன் நாய் வாங்கி வச்சுக்கலாம். ஆனா மத்ததையெல்லாம் மாட்டற இந்தக் கீழ்க்கூடு இருக்கே, இதுதான் சட்டப்படி துப்பாக்கி. நம்பர் இதுலதான் இருக்கு. இதை வாங்கத்தான் அரசாங்கத்தைக் கேக்கணும்.”

“இதால சுட முடியுமா?”

“ஓட்டை வழியா ஊதலாம்.”

பர்ல் ஒரு படிவத்தை எடுத்துக் கேள்விகளை உரக்க வாசித்தார். தப்பியோடும் குற்றவாளியா? இல்லை. போதைப் பழக்கம் உண்டா? இல்லை. மனநிலை சரியில்லாதவர் என்று கோர்ட் எப்போதாவது சொல்லியிருக்கிறதா? இல்லை. பர்ல் விரல் வைத்துக் காட்டிய கட்டங்களில் வெர்லின் தடவித் தடவிக் குறியிட்டார்.

“கண்ணைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?”

“இல்லியே.”

“எனக்கு எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது, பர்ல். இப்ப உன் மூஞ்சியே எனக்குத் தெரியல.”

“மூஞ்சியைப் பாத்து ஒரு நஷ்டமும் இல்ல. கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி வம்பை விலைக்கு வாங்காத.”

பர்ல் ஒரு நம்பருக்குப் பேசினார். வெர்லின் ஒரு பொலோனா இறைச்சி சாண்ட்விச்சைத் தின்று முடிப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது. லைசென்ஸைப் பறிப்பதற்கு முன்னால் மூன்று டாக்டர்கள் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்கள். இது எவ்வளவோ தேவலை.

“எதை எடுத்துக்கற?” என்றார் பர்ல். “அடிச்சதா, குடைஞ்சதா? அடிச்சதுன்னா அலுமினியத்தைச் சூடு பண்ணி அச்சுல வச்சு அடிச்சுப் பண்றது. ராணுவத்துல அதான். குடைஞ்சதுன்னா முழுக் கட்டியை மெஷின்ல வச்சுக் குடைஞ்சு எடுக்கறது. பாக்க லட்சணமா இருக்கும், விலையும் ஜாஸ்தி. பிளாஸ்டிக்குலயும் ஒண்ணு இருக்கு. அதை எடுத்துட்டுப் போனேன்னா உன்னை நாய்க்குச் சமமாப் பேசுவாங்க.”

“வேன்ல ஏற எது போதும்?”

அப்படி ஒரு கேள்வியைப் பர்லிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, அடித்ததில் இருந்ததிலேயே மலிவானதை எடுத்துக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்.

குழு கூடிய அன்றைக்குப் பாஸ்டர் ஒருவர் வந்து ஜெபம் செய்தார். ஆறு உறுப்பினர்களும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு குட்டை நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்தார்கள். வெர்லினின் கீழ்க்கூடு ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொருவரும் அதை இரண்டு கையாலும் ஏந்தி, வெளிச்சத்தில் காட்டி, பொந்துக்குள் பார்த்து, முகர்ந்து, பெருமூச்சு விட்டு, இடதுபக்கத்தவருக்குக் கைமாற்றினார்கள். செத்துப் பிறந்த குழந்தையை உறவுக்காரர்கள் கைமாற்றிப் பார்ப்பது போல் இருந்தது.

கடைசியில் கர்னல் பேசினார். “இதுல ஒண்ணும் எழுதலையே.”

“நம்பர் இருக்கு கர்னல்” என்றார் வெர்லின்.

“நம்பர் அரசாங்கத்துக்கு. கொள்கை எங்க? ஒரு கழுகு இல்ல, ஒரு வேத வசனம் இல்ல, ஒரு மண்டையோடுகூட இல்ல. பிரதர், ஒரு ஆளோட கீழ்க்கூட்டைப் பாத்தா அந்த ஆளு எதுக்காகச் சாகத் தயாரா இருக்கான்னு தெரியணும். இதைப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல.”

“நான் எதுக்கும் சாகத் தயாரா இல்ல கர்னல். என் பொண்டாட்டி சாகக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்.”

பொருளாளர் ஓடெல் மேகார்ட் தொண்டையைச் செருமினார். மாவட்ட நிர்வாகத்தையும் கவனிக்கும் நீதிபதியின் மைத்துனர் அவர்; வேன் சங்கத்துக்கு வந்தது அந்த நீதிபதி தயவில்தான். “அனுதாபம் எங்களுக்கும் இருக்கு. ஆனா அனுதாபத்தை வச்சுக் கீழ்க்கூட்டை எடை போட ஆரம்பிச்சா, நாளைக்குத் தரம்னு ஒண்ணு இருக்குமா?”

கொள்கையற்றது என்று தீர்ப்பாகி, கீழ்க்கூடு வெர்லினிடமே திரும்பி வந்தது. பர்லும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. விற்ற துப்பாக்கி விற்றதுதான்.

நெட்ரா அதைப் புரட்டிப் பார்த்தாள். பொந்து சரியான அகலத்தில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்து அதில் காகித நாப்கின்களைச் செருகினாள். “இத்தனை வருஷத்துல நீ எனக்கு வாங்கிக் குடுத்ததுலயே உருப்படியான சாமான் இதுதான்” என்றாள்.

விருந்தினர் சீட்டு முடிந்துபோயிற்று. வேன் ஓட்டியவள் ட்வைலா ஃப்யூகேட். முன்னே பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அந்தப் பள்ளியில் படித்த எல்லோரையும் ஒருமுறையாவது அதட்டியவள். அவள் தன் சொந்த வண்டியில் நெட்ராவை ஏற்றிக்கொண்டு போய் வந்தாள். அப்படி இரண்டு தடவைதான் நடந்தது. அதற்குள் சங்கத்தின் ஒழுங்குக் குழு அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. உறுப்பினரல்லாதவரை ஏற்றிப் போட்டி போக்குவரத்து நடத்தியது குற்றம் என்று சொல்லி, வேன் ஓட்டுவதிலிருந்து இடைநீக்கம் செய்தது. சரி, நம் வண்டியிலேயே ஓட்டலாம் என்று அவள் கிளம்பியபோது மலையேற்றத்தில் கியர்பெட்டி நொறுங்கி வண்டி படுத்துவிட்டது.

வெர்லின் இரண்டாவது கீழ்க்கூட்டை வாங்கினார். மறுபடி பர்ல் கேள்விகளை வாசித்தார். மறுபடி வெர்லின் தப்பியோடும் குற்றவாளியாக இல்லை. இந்தத் தடவை கழுகு செதுக்கியது. குழு கையுறை மாட்டியது, முகர்ந்தது, பெருமூச்சு விட்டது. கழுகின் தலை இடதுபக்கம் திரும்பியிருப்பதை ஓடெல் கண்டுபிடித்தார். நாட்டு முத்திரையில் கழுகின் ஒரு காலில் அம்பும் மறுகாலில் சமாதானக் கிளையும் இருக்கிறதே, சண்டைக் காலத்தில் கழுகு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். இப்போது சண்டையா சமாதானமா என்று இன்னொருவர் கேட்டார். அதைத் தீர்மானிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு மான் வேட்டைப் பருவம் முடிந்து கூடும்.

“அதுவரைக்கும் அவ தாங்க மாட்டா கர்னல்” என்றார் வெர்லின். “ஏற்கெனவே ரெண்டு தடவை போகல. கால் வீங்கிருச்சு. மூச்சு வாங்குது.”

“கேக்கவே கஷ்டமா இருக்கு” என்றார் கர்னல். “இதே மாதிரி ஒரு நிலைமையிலதான் நம்ம முன்னோருங்க இந்த மலைக்கு வந்தாங்க. டாக்டர் இல்ல, ரோடு இல்ல. ஆனா கையில துப்பாக்கி இருந்துச்சு. அவங்கள்ல எவ்வளவோ பேரு செத்துப்போனாங்க. யாராவது குறை சொன்னாங்களா?”

அந்த வாரம் டயாலிசிஸ் மையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். ஏன் வரவில்லை என்று கேட்டாள். வெர்லின் சொன்னார். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காத இடத்தில் கேட்கவென்று அவளிடம் வேறு கேள்விகள் இருந்தன.

“வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, சார்?”

“ரெண்டு.”

“பூட்டி வைத்திருக்கிறீர்களா?”

“ஒண்ணு சாப்பாட்டு மேசையில இருக்கு.”

“அதில் ஏதாவது போட்டு வைத்திருக்கிறீர்களா?”

“நாப்கின்.”

அந்தப் பெண் எதையோ தட்டிப் பதிவது கேட்டது. பிறகு, மனச்சோர்வுக்கு ஒரு எண் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் அனுப்ப முடியுமா என்று வெர்லின் கேட்டார். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் அனுப்பலாம், இப்போது பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறார்களா என்றாள். இல்லை, என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

வீட்டிலிருந்த பெரிய ஃபிரீஸரை விற்று மூன்றாவதை வாங்கினார். முழுக் கட்டியைக் குடைந்து செய்தது. கழுகு வலதுபக்கம் பார்த்தது. அடியில் ஒரு வசனமும் இருந்தது. இதை யாரும் மறுக்க முடியாது என்றார் பர்ல். அவருக்கே வெட்கமாகிவிட்டதோ என்னவோ, அன்றைக்குச் சாண்ட்விச்சுக்குக் காசு வாங்கவில்லை.

குழுவில் ஓடெல் அதைக் கையில் வாங்கியதும் கண் கலங்கினார். “இதுதான். ஒரே கட்டி. ஒட்டு இல்ல, உறவு இல்ல. கடவுள் மனுஷனைப் படைச்ச மாதிரி, தேவையில்லாததையெல்லாம் குடைஞ்சு எடுத்துட்டுத் தேவையானதை மட்டும் விட்டிருக்கான்.”

“கடவுள் மனுஷனைக் குடையல” என்றார் கர்னல். “அடிச்சுத்தான் பண்ணினார். அடிபடாத உலோகத்துக்கு ஏது வலு? நம்ம பையன்களுக்கு ராணுவம் குடுத்தது எது, அடிச்சது. குடைஞ்சது ஃபேஷன்.”

“அப்ப என்னோடது ஃபேஷனா?”

“நான் உன்னைச் சொல்லல ஓடெல். ஆனா தொப்பி பொருந்தினா நீயே வச்சுக்க.”

வாக்கெடுப்பில் மூன்றுக்கு மூன்று ஆயிற்று. அதுவரை வெளியே தெரியாமல் இருந்த ஒரு பிளவு அன்றைக்கு வெடித்தது. சாயங்காலத்துக்குள் லாரல் ஃபோர்க்கில் இரண்டு சங்கங்கள். அடித்தவர்கள் முதல் வகுப்பு அறையை வைத்துக்கொண்டார்கள். குடைந்தவர்கள் இரண்டாம் வகுப்புக்குப் போனார்கள். வேன் யாருடையது என்ற கேள்வி வந்தது. சாவி கர்னலிடம் இருந்தது. ஓடெல் போய் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார். வேன் பள்ளி மைதானத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றது. ஏற்கெனவே அதில் போய்வந்துகொண்டிருந்த உறுப்பினர் குடும்பத்து நோயாளிகளும் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

வெர்லின் மூன்றாவதையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சட்டத்தின் கணக்கில் அந்த வீட்டில் இப்போது மூன்று துப்பாக்கிகள். மூன்றையும் சேர்த்தாலும் ஒரு ஈயைக் கொல்ல முடியாது.

நெட்ரா நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. முகம் ஊதியிருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“அடிச்சதா குடைஞ்சதான்னு சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டாங்க.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. இருமி முடித்துவிட்டு, “வெர்லின், எனக்கு பீன்ஸ் வேணும்” என்றாள். “பன்றி எலும்பு போட்டு அவிச்ச பீன்ஸ். கூட உருளைக்கிழங்கு வறுவல். சோள ரொட்டி.”

சிறுநீரகம் போனதிலிருந்து பீன்ஸும் உருளைக்கிழங்கும் அவளுக்கு விஷம். டாக்டர் பட்டியலில் முதல் இரண்டு அவைதான். வெர்லின் அவள் காதுக்குப் பக்கத்தில் பார்வையை வைத்து, முகத்தைப் பிடித்துக்கொள்ள முயன்றார்.

“அது உனக்கு ஆகாது.”

“எதுதான் ஆகுது? அடிச்சதும் வேண்டாம், குடைஞ்சதும் வேண்டாம். எனக்கு அவிச்சது போதும்.”

அவர் பீன்ஸை ஊறப்போட்டார். மறுநாள் காலையிலிருந்து மத்தியானம்வரை அது அடுப்பில் கொதித்தது. வீடு முழுக்க மணம். உப்பு டப்பாவை மோந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துப் போட்டார். நெட்ரா இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஒரு நாப்கினை உருவி வாயைத் துடைத்துக்கொண்டாள். “உப்பு சரியா இருக்கு” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் அவர் லாரியை ஆற்றில் இறக்கிய கதையைச் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். லாரி தண்ணீருக்குள் போகும் இடம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். அதன்பிறகு அவளை எழுப்ப முடியவில்லை. பேச்சு மூச்சில்லை என்று அவர் சொன்னதும் ஆம்புலன்ஸ் கிளம்பியது. மலையேறி வந்து சேர்ந்தபோது செய்ய ஒன்றுமில்லை.

சாவு இரண்டு சங்கங்களையும் ஒன்று சேர்த்தது. ஓடெல் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார். கர்னல் சாவியைக் கொடுத்தார். ட்வைலாவின் இடைநீக்கம் ஒருநாள் மட்டும் தள்ளிவைக்கப்பட்டது. சவப்பெட்டி வேனில் போயிற்று.

“அவ உறுப்பினர் இல்லையே” என்றார் வெர்லின். நக்கலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

ஓடெல் அவர் தோளில் கை வைத்தார். “இன்சூரன்ஸ்காரன்கிட்டப் பேசிட்டேன் பிரதர். பயணி உயிரோட இல்லாததால அவனுக்கு ஆட்சேபம் இல்லைன்னான்.”

கல்லறையில் பன்னிரண்டு பேர் தங்கள் கையால் கட்டிய துப்பாக்கிகளை வானத்துக்குத் தூக்கிச் சுட்டார்கள். இரண்டு பேருடையது வெடிக்கவில்லை. கர்னல் பேசினார். “நெட்ரா டாக்கெட் இந்தச் சங்கத்தோட வாசல்படியில காத்திருந்தவங்க. பொறுமையாக் காத்திருந்தாங்க. தரத்தை விட்டுக்குடுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. இந்தக் காலத்துல அப்படிப்பட்ட பெண்மணிங்க எத்தனை பேரு இருக்காங்க?” பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெர்லின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதிரே குழி இருந்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் இரண்டு பக்கத்துப் புல்தான்.

சங்கங்கள் இணைவதற்குப் பேச்சு நடந்தது. மூன்றுக்கு மூன்று என்ற முடிச்சை அவிழ்க்க ஏழாவதாக ஒருவர் வேண்டும். அடித்தவர்கள் குடைந்தவரை ஏற்கமாட்டார்கள், குடைந்தவர்கள் அடித்தவரை ஏற்கமாட்டார்கள். இரண்டு வகையும் வீட்டில் வைத்திருப்பவர் ஊரில் ஒரே ஒருவர்தான். இரண்டு கட்சியிடமும் சமமாகப் பட்டவரும் அவர்தான். அப்படியாக வெர்லின் டாக்கெட்டின் மூன்று கீழ்க்கூடுகளும் ஒரே மூச்சில் அங்கீகரிக்கப்பட்டன. அவரைக் கீழ்க்கூட்டுக் குழுவுக்குத் தலைவராகவும் ஆக்கினார்கள். வெர்லின் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் நெட்ரா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதல் கூட்டத்துக்கு ரெனீட்டா சைஸ்மோர் என்ற பெண் வந்திருந்தாள். புருஷனுக்குத் தொண்டையில் புற்றுநோய். நகரத்தில் கதிர்வீச்சு சிகிச்சை எடுக்க வேண்டும். கையில் காகிதப் பை. அவளுக்குப் பின்னால் நடைவழியில் இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் பர்ல் கடைப் பை.

ஆறு பேரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். தட்டு வந்தது. ரெனீட்டா பையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“அங்கீகரிச்சாச்சு” என்றார் வெர்லின்.

கர்னல் கை நீட்டியபடியே நின்றார். “பிரதர், இன்னும் வெளியவே எடுக்கலியே.”

“உள்ளயே இருக்கட்டும். அடுத்தது யாரு?”

“பாக்காம எப்படி?”

“பாத்தாலும் எனக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல கர்னல். அடுத்தது?”

அடுத்தவர் வந்தார். அங்கீகரித்தாயிற்று. அதற்கடுத்தவர் பையே கொண்டுவரவில்லை. வாங்க வேண்டும் என்று தெரியாதாம். அவரும் ஆயிற்று. தலைவர் சொன்னது இறுதி என்பது கர்னலே எழுதிய சாசனம்; அங்கீகாரத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது ஓடெல் சேர்த்த திருத்தம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல வாரங்களில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு பார்வையில்தான்.

அடுத்த கூட்டத்தில் சங்கம் தன் சரித்திரத்திலேயே முதல்முறையாகக் கண்பார்வை பற்றி ஒரு விதி செய்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அல்ல, குழுவில் உட்காருகிறவர்களுக்கு. சுவரிலிருந்த அரிச்சுவடியையே பரீட்சைக்கு வைத்தார்கள். வெர்லினுக்கு ஆப்பிள் தெரியவில்லை. பந்து கொஞ்சம் தெரிந்தது. மற்ற ஆறு பேரில் மூன்று பேரும் தேறவில்லை. முழுத் துப்பாக்கி கட்டி முடித்தவர்கள் என்பதால் அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

கர்னல் எழுந்து வெர்லினின் சேவைக்கு நன்றி சொன்னார். “உணர்ச்சிவசப்பட்டு ஒரு மனுஷன் என்னென்ன தப்புப் பண்ணலாம்கிறதுக்கு நம்ம பிரதர் ஒரு பாடம். இருந்தாலும் அவர் மனசு நல்ல மனசு.” கை தட்டினார்கள்.

வெர்லின் வெளியே வந்தார். மைதானத்தில் வேன் இரைந்துகொண்டிருந்தது. அதை ஓட்ட வேறு யாரும் சம்மதிக்காததால் ட்வைலாவின் இடைநீக்கமும் ரத்தாகியிருந்தது. ஜன்னலை இறக்கி, “வெர்லின், உன்னை வீட்டுல விடணும்னுதான் பாக்குறேன், உக்கார எடமில்ல” என்றாள். “நடைவழியில கூட ஆள் நிக்குது.”

“ரெனீட்டா புருஷன் ஏறியாச்சா?”

“முன்சீட்டுல இருக்கான்.”

“அப்ப கிளம்பு. நேரமாகுது.”

வேன் பள்ளி வாசலைத் தாண்டி மலைச்சாலையில் திரும்பியது. சத்தம் ஓயும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார். ஒரே ஒருவருக்குத்தான் சமைக்க வேண்டும் என்பதால் அவசரமாகப் போக ஒரு காரணமும் இல்லை.